மாடல் மேசை: வாசகர் கேள்விகள்

அக்கா, கல்லூரி நாட்களோடு விட்டுப்போன பழக்கம். இருபத்தைந்து வருஷம் கழித்து மறுபடி ஒரு 1/72 (நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு அளவு) பிளாஸ்டிக் விமான மாடல் கிட் வாங்கியிருக்கிறேன். அன்று என்னிடம் இருந்தது ஒரு சவர பிளேடு, ஒரு டியூப் பசை, இரண்டு பிரஷ். இன்றைக்கு விற்கும் சாமான்களைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. எதை முதலில் வாங்குவது?

மூன்றே சாமான்கள் போதும். நல்ல விளக்கு, பாகங்களை வெட்டியெடுக்கும் நல்ல நிப்பர், திரவப் பசை. மற்றதெல்லாம் ஒவ்வொரு மாடலாகக் கட்டும்போது, தேவை வந்தபின் வாங்கிக்கொள்ளலாம்.

விளக்கை முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. நான் முப்பது வருஷம் வரைபட மேசையில் உட்கார்ந்தவள். கண்ணுக்குத் தெரியாத பிழையைக் கை திருத்தாது. நிறம் சரியாகத் தெரிய, சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறது என்ற அளவு) 90க்கு மேல் உள்ள எல்இடி விளக்காகப் பாருங்கள். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று இரண்டு இருந்தால் உங்கள் கை நிழல் வேலைமேல் விழாது. ஒட்டிய இணைப்பைச் சோதிக்கும்போது மட்டும் ஒன்றை அணைத்துவிட்டு, மற்றதைத் தாழ்த்திப் பக்கவாட்டில் பிடியுங்கள். மயிரிழை இடைவெளிகூட நிழல் கட்டிக் காட்டிக்கொடுக்கும்.

நிப்பரில் ஒரு பக்கம் மட்டும் கூர்மையாக இருக்கும் வகை இப்போது வருகிறது. பாகங்கள் ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து பாகத்தை ஒரே வெட்டில் எடுக்காதீர்கள். முதல் வெட்டு இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி, இரண்டாவது வெட்டு பாகத்தை ஒட்டி. ஒரேயடியாக நெரித்தால் பிளாஸ்டிக் அந்த இடத்தில் வெளுத்துப்போகும், சில சமயம் பாகத்திலிருந்தே ஒரு துணுக்கு பிய்ந்து வரும்.

பசைதான் உங்களுக்குப் பெரிய ஆச்சரியமாக இருக்கும். பழைய டியூப் பசையைத் தடவிவிட்டுப் பாகங்களைச் சேர்ப்போம், ஓரத்தில் நூல் நூலாக வழியும். இப்போது வரிசை தலைகீழ். முதலில் இரண்டு பாதிகளையும் காய்ந்தபடியே சேர்த்துப் பிடிக்கவேண்டும். பிறகு மூடியிலேயே இருக்கும் சின்ன பிரஷால் இணைப்பின்மேல் ஒரே ஒரு தொடுதல். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோலப் பசை தானாகவே இடுக்குக்குள் ஓடிவிடும். இதில் இருப்பவை பிளாஸ்டிக்கையே கரைக்கும் திரவங்கள் என்பதால் இரண்டு பாதிகளும் உருகி ஒன்றாகின்றன. அரை நிமிஷம் கழித்து லேசாக அழுத்துங்கள். இணைப்பு நெடுக மெல்லிய மணிவரிசை போல உருகிய பிளாஸ்டிக் பிதுங்கும். பதறித் துடைக்காதீர்கள். ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டு, கத்தி முனையைச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டுங்கள். இடுக்கை நிரப்பும் பூச்சுமாவு இல்லாமலே கோடு மறைந்துபோகும். பசை திறந்திருக்கும்வரை ஜன்னலும் திறந்திருக்கட்டும்.

அம்மா, விமானியின் கண்ணாடிக் கூண்டை சூப்பர் க்ளூ வைத்து ஒட்டினேன். மறுநாள் காலையில் பார்த்தால் உட்பக்கம் முழுக்க வெள்ளைப் புகை படிந்திருக்கிறது. என் கைரேகைகூடத் தெரிகிறது. கிட்டில் குறையா?

கிட்டில் குறை இல்லை, பசையின் குணம் அது. சூப்பர் க்ளூவின் ஆவி கண்ணாடியின்மேல் உள்ள ஈரத்தைத் தொட்டதும் அங்கேயே இறுகி வெள்ளையாகிறது. விரல் பட்ட இடத்தில் இன்னும் அதிகமாகப் பிடிக்கும். குற்றம் நடந்த இடத்துப் பொருள்களில் கைரேகை எடுப்பவர்கள் இதே ஆவியைத்தான் பயன்படுத்துகிறார்கள். 1942-இல் துப்பாக்கிக் குறிநோக்கிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடும் வேலையில் ஹாரி கூவரின் குழு கண்ட பொருள் இது. தெளிவான பிளாஸ்டிக்குக்கு இதுவே பகையாகிவிட்டது.

என் நான்காவது மாடலில் எனக்கும் இதே நடந்தது. மூன்று வாரம் விமானியறைக்குள் ஒவ்வொரு கருவிமுகமாக வரைந்து முடித்து, கூண்டை மூடி ஒட்டிய இரவே எல்லாம் மூடுபனிக்குள் போய்விட்டது. அன்று அழுதேன். உங்களுக்கு அந்த நிலை வேண்டாம். படிந்தது லேசான படலம் என்றால், கூண்டை மெதுவாகக் கழற்றி, பிளாஸ்டிக் மெருகுப் பசையை மென்மையான துணியில் தொட்டுத் தேயுங்கள். அதன்மேல் பளபளப்பு அக்ரிலிக் கிளியர் (நிறமற்ற மேல்பூச்சு) ஒரு பூச்சு. பெரும்பாலும் தெளிந்துவிடும்.

இனிமேல் கண்ணாடிக்கு வெள்ளைப் பசையே போதும். காய்ந்தால் நிறமற்றுப் போகும், வழிந்ததை ஈரப் பஞ்சால் துடைக்கலாம். கெட்டியான பிடிப்பு வேண்டுமென்றால் புறஊதா ஒளியில் இறுகும் பசை இருக்கிறது. சின்ன டார்ச்சைக் காட்டும்வரை இறுகாது என்பதால் கூண்டை நிதானமாக நகர்த்திப் பொருத்தலாம்.

ரெசின் 3டி பிரிண்டர் வாங்கலாமா? நண்பர்கள் எல்லோரும் வாங்கிவிட்டார்கள்.

எந்தப் பாகத்தை அச்சடிக்கப் போகிறீர்கள் என்று முதலில் ஒரு காகிதத்தில் எழுதுங்கள். பத்து வரி எழுத முடிந்தால் வாங்குங்கள். இரண்டு வரியோடு நின்றால், அச்சடித்த பாகங்களைத் தனியாக விற்பவர்களிடமே வாங்கிக்கொள்வது நல்லது.

நான் அந்தப் பட்டியலை எழுதிவிட்டுத்தான் வாங்கினேன், வருத்தம் இல்லை. திரவ ரெசினை ஒளியால் அடுக்கடுக்காக இறுக வைத்துப் பாகம் செய்யும் இந்தப் பிரிண்டர், ஓர் அடுக்கை 0.05 மி.மீ. கனத்தில் போடுகிறது. 1/72 அளவில் பார்த்தால் நிஜ விமானத்தில் அது 3.6 மி.மீ. விமானி இருக்கையின் வார்ப்பட்டை மாடலில் ஒரு மில்லிமீட்டர்கூட அகலம் வராது. அதன் மடிப்பும் கொக்கியும் அச்சில் வந்து நின்றதை முதன்முதலில் லென்ஸில் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. முன்பு அதைச் சிகரெட் உறைத் தகட்டில் வெட்டி ஒட்டுவேன். அந்தத் தகட்டுக்கு அந்தக் காலத்தில் ஒரு மரியாதை இருந்தது.

ஆனால் பிரிண்டர் வேலையைக் குறைக்கும் என்று எண்ணாதீர்கள். அச்சாகும்போது பாகத்தைத் தாங்கி, பிறகு வெட்டி எடுக்கும் தாங்கு கம்பிகளை எந்தக் கோணத்தில் வைப்பது, எந்தப் பக்கம் தழும்பு விழுந்தால் வெளியே தெரியாது என்பதெல்லாம் தனிப் படிப்பு. இறுகாத ரெசின் தோலில் படக்கூடாது. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு எப்போது தொட்டாலும் வரும். நைட்ரைல் கையுறை, காற்றோட்டமான தனியிடம், கழுவ ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். கழுவிய திரவத்தைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். மூடியுள்ள பாத்திரத்தில் சேர்த்து, முறையாக அப்புறப்படுத்துங்கள். குழந்தைகள் தூங்கும் அறையில் இந்த இயந்திரம் வேண்டவே வேண்டாம்.

ஆன்ட்டி, நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். ஏர்பிரஷ் (காற்றால் பெயின்ட் தெளிக்கும் கருவி) இல்லாமல் நல்ல மாடல் கட்ட முடியாதா?

தாராளமாக முடியும் கண்ணா. பெயின்ட்டை நன்றாக மெலிதாக்கி, அகலமான மென்மையான பிரஷால் மூன்று நான்கு பூச்சு கொடு. முதல் பூச்சு திட்டுத்திட்டாக அசிங்கமாகத்தான் தெரியும். அதன்மேல் உடனே பிரஷை ஓட்டாதே. காயவிட்டு, அடுத்த பூச்சைக் குறுக்கு வாட்டில் கொடு. ஏர்பிரஷ் பிறகு வரட்டும்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்து பிரிட்டிஷ் விமானத்தின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று கிடைத்தது. உடற்பகுதி வட்டச் சின்னத்தின் வெளிவளையம் அதில் கன்னங்கரேல் என்று இருக்கிறது. கிட்டின் தாள் அதை மஞ்சள் என்கிறது. எதை நம்புவது?

இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். படத்தை இவ்வளவு உற்றுப் பார்ப்பவர் நிச்சயம் நல்ல மாடல் கட்டுவார்.

கிட் சொல்வதுதான் சரி. உங்கள் படம் ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமில் எடுத்ததாக இருக்கவேண்டும். அந்த ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது, மஞ்சளும் சரியாகப் பிடிபடாது, நீலம் மட்டும் தூக்கலாகப் பதியும். ஆகவே மஞ்சள் வளையம் கறுக்கிறது, அதற்கு உள்ளே இருக்கும் நீலம் வெளிறிப்போகிறது. எல்லா நிறமும் பதியும் பான்குரோமாட்டிக் ஃபிலிமில் எடுத்த படமென்றால் மஞ்சள் வெளுப்பாகத் தெரியும். நீங்களே சோதிக்கலாம். வால் துடுப்பில் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்று பட்டைகள் இருக்கும். எது எங்கே என்பது நமக்குத் தெரிந்ததே. படத்தில் சிவப்பு கறுத்து, நீலம் வெளுத்திருந்தால் ஃபிலிம் இன்னதென்று தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் மற்ற நிறங்களைப் பற்றி அந்தப் படத்திடம் கேட்கவேண்டும்.

முன்பு ஒரு படத்துக்காக நூலகம் நூலகமாக அலைவோம். இன்று பிரிட்டனின் இம்பீரியல் வார் மியூசியமும் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸும் தங்கள் படத்தொகுப்பிலிருந்து ஏராளமான படங்களை இணையத்தில் வைத்திருக்கின்றன. என்னைக் கேட்டால், இந்தப் பொழுதுபோக்கில் வந்த எல்லா மாற்றங்களிலும் இதுதான் பெரியது. கருவிகள் இதற்கு அடுத்துத்தான். ஒரு எச்சரிக்கை: பிறகு நிறமேற்றப்பட்ட படங்களும் அதே வேகத்தில் சுற்றுகின்றன. அவற்றைப் பார்த்து பெயின்ட் கலக்காதீர்கள். அந்த நிறம் ஃபிலிமில் இருந்ததல்ல, யாரோ ஊகித்துப் பூசியது.

அப்பா பாதி கட்டி வைத்த பழைய 1/72 ஸ்பிட்ஃபயர் (பிரிட்டிஷ் போர்விமானம்) ஒன்று பெட்டியில் கிடைத்தது. அவர் இப்போது இல்லை. செய்முறைத் தாள் காணோம். டீக்கல் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னத் தாள்) மஞ்சளாகிவிட்டது. இறக்கையின் அடிப்பக்கம் பசை பட்டு, அவருடைய கட்டைவிரல் ரேகை பிளாஸ்டிக்கில் பதிந்திருக்கிறது. எனக்கும் கண் மங்கிவிட்டது. முடிக்க முடியுமா?

முடிக்கலாம் ஐயா. நிதானமாக முடிப்போம்.

ஸ்கேல்மேட்ஸ் என்ற தளத்தில் பழைய கிட்டுகளின் செய்முறைத் தாள்கள் நிறைய உண்டு. பெட்டியின் எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள். கண்ணுக்கு, தலையில் மாட்டும் லென்ஸ் வாங்குங்கள். இரண்டு மடங்கு பெருக்கம் போதும். அதிகமானால் பொருளை மூக்கருகே கொண்டுவரவேண்டியிருக்கும், கத்தி பிடிக்க இடமிருக்காது.

டீக்கல் தாளைத் தொடும் முன் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, வெயில் விழும் ஜன்னலில் உட்பக்கமாக ஒட்டிவிடுங்கள். சில நாள், சில வாரம் ஆகலாம், மஞ்சள் வெளுக்கும். வயதான டீக்கல் தண்ணீரில் போட்டதும் சுக்குநூறாக உடையும், அதனால் முன்கூட்டியே கிளியர் லாக்கர் ஒரு பூச்சு கொடுத்து, வேண்டாத ஒரு துண்டை மட்டும் முதலில் நனைத்துப் பாருங்கள்.

இறக்கையின் மேல், தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் பலகைக் கோடுகள் புடைத்து நிற்கும். இன்றைய கிட்டுகளைப் போலப் பள்ளமாகச் செதுக்கவேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பெரும்பாலான நிஜ ஸ்பிட்ஃபயர்களில் இறக்கை நுனிக்கு நுனி 36 அடி 10 அங்குலம். மாடலில் 156 மி.மீ. வரவேண்டும். வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து பாருங்கள். சரியாக இருந்தால் மற்றதை அப்படியே விடலாம்.

கடைசியாக அந்த ரேகை. அதன்மேல் உப்புத்தாள் படவேண்டாம். மாடலுக்கு பிரைமர் (பெயின்ட்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) அடிக்கும்போது, குப்பியில் 500, 1000, 1500 என்று எண் இருக்கும். எண் ஏற ஏறப் பூச்சு மெல்லிசு. அந்த இறக்கையின் அடிப்பக்கத்துக்கு 1500 மட்டும், ஒரே ஒரு பூச்சு. 500 அடித்தால் ரேகையின் பள்ளங்களை நிரப்பிவிடும்.