பரதநாட்டிய மேடையில் ஆடுபவரும் பாடுபவரும் ஒத்திகையில் இல்லாததை அந்த நேரத்தில் செய்ய முடியுமா?

முடியும், ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. நாட்டியத்துக்குப் பாடுகிறவன் என்கிற முறையில் சொல்கிறேன்.

தாளச் சொற்கட்டுக்குக் கால் ஆடும் ஜதி, அதை முடிக்கும் தீர்மானம் எல்லாம் முன்பே கணக்குப் பார்த்து வைத்தவை. தாளம் தட்டிச் சொற்கட்டு சொல்லி ஆட்டத்தை நடத்தும் நட்டுவனார் சொல்லை மாற்றினால் ஆடுபவரின் கால் சிக்கிக்கொள்ளும். அங்கே யாரும் கற்பனைக்குப் போவதில்லை, போகவும் வேண்டாம்.

முகத்தாலும் கையாலும் பொருளைக் காட்டும் அபிநயம் வேறு. நிகழ்ச்சியின் நீண்ட உருப்படியான வர்ணத்தில் ஒரு வரியை எத்தனை தடவை பாடுவது என்பதை ஆடுபவர்தான் முடிவு செய்வார். காதலனைக் கூப்பிடும் வரி என்றால் ஒரு தடவை கெஞ்சுவார், அடுத்த தடவை கோபிப்பார், அப்புறம் பழைய கதை ஒன்றுக்குள் போய்விடுவார். இதைத்தான் சஞ்சாரி என்கிறோம். நான் அவர் முகத்தைப் பார்த்தபடி சங்கதி போடுவேன், அதாவது அதே வரியை இசையில் மாற்றி மாற்றிப் பாடுவேன். அவர் கெஞ்சும்போது நான் மேல் ஸ்தாயியில் பிருகா (வேகமான சுரக்கோவை) உதிர்த்தால் அபத்தமாக இருக்கும். மிருதங்கக்காரர் கண் பெரும்பாலும் பாதத்தில். கதை முடிந்ததும் ஆடுபவர் வரியின் முதல் சொல்லுக்கான முத்திரைக்குத் திரும்புவார். நாங்கள் எடுப்பில், அதாவது வரி தொடங்கும் தாள இடத்தில், சேர்ந்துகொள்வோம். இத்தனையிலும் நட்டுவனாரின் தாளம் மட்டும் அசையக் கூடாது.

சில நாள் பாட்டு முந்திக்கொள்ளும். புதிதாக ஒரு சங்கதி விழும், அது காதில் பட்டதும் ஆடுபவரின் பார்வையே மாறும். இசையும் அபிநயமும் ஒரே ஆளிடம் கூடியிருந்தவர் நாட்டியக் கலைஞர் டி. பாலசரஸ்வதி (1918–1984). வீணை தனம்மாளின் பேத்தி. தாயார் ஜெயம்மாள் பாட ஆடியவர், தானே பாடிக்கொண்டும் ஆடுவார். சத்யஜித் ராய் 1976-இல் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படத்தில் கடற்கரையில் ஆடும் பகுதி இருக்கிறது. அவசியம் பாருங்கள்.

எனக்குப் பிடித்தது விருத்தம், ராகத்தில் விரித்துப் பாடும் செய்யுள். தாளமே கிடையாது, மிருதங்கம் ஓய்ந்திருக்கும். எந்தச் சொல்லில் நிற்பேன், எதைத் திரும்பப் பாடுவேன், எப்போது ராகம் மாறும் என்பது எனக்கே சில சமயம் தெரியாது. ஆடுபவர் என் மூச்சைக் கேட்டு நகர்கிறார், நான் அவர் கை விரிவதைப் பார்த்துக் கார்வையை (ஒரு சுரத்தில் நிற்பதை) நீட்டுகிறேன்.

ரெக்கார்டிங் போட்டு ஆடினால் இது எதுவும் நடக்காது. ஐந்து பேரை மேடையில் உட்காரவைக்கும் செலவு புரிகிறது, குறை சொல்லவில்லை. ஆனால் அதில் ஒரு வரி நான்கு தடவை என்றால் நான்கு தடவைதான். ஐந்தாவதாக ஒரு முகபாவம் தோன்றினாலும் பாட்டு காத்திருக்காது.

அடுத்த முறை நிகழ்ச்சிக்குப் போனால் பாடுபவரின் கண்ணைக் கவனியுங்கள். அது நோட்டுப் புத்தகத்தை விட்டு நிமிரவே இல்லை என்றால் அன்றைக்கு எல்லாம் ஒத்திகைப்படிதான்.