“அவனாகவே வருவான்” என்ற பதில் போதுமா?

கேள்வி: என் மகனுக்கு நான்கரை வயது. குழந்தையின் விருப்பத்தை முன்னிறுத்தும் மாற்றுக் கல்வி முறை மழலையர் பள்ளி ஒன்றில் ஓராண்டாகப் படிக்கிறான். பள்ளிக்குப் போக அவன் அழுவதே இல்லை. ஆனால், “இன்றைக்கு என்ன செய்தாய்?” என்று கேட்டால், சில வாரங்களாகத் “தண்ணீர் ஊற்றினேன்” என்ற ஒரே பதில்தான் வருகிறது. அதே வயதுள்ள என் நாத்தனார் மகள் நூறு வரை எழுதுகிறாள். இவனோ பென்சிலைக் கொடுத்தாலே தள்ளிவிடுகிறான். ஆசிரியையிடம் கேட்டால், “நேரம் வரும்போது அவனாகவே வருவான்” என்கிறார். கணவரும் மாமியாரும் வழக்கமான பள்ளிக்கு மாற்றிவிடலாம் என்கிறார்கள். அடுத்து முதல் வகுப்பு. இதே பள்ளியில் தொடக்க வகுப்புகளும் உள்ளன. காத்திருக்கலாமா, மாற்றிவிடலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தபோது, மகன் தண்ணீர் ஊற்றுவது என்னை உறுத்தவில்லை. ஆசிரியை சொன்ன பதில்தான் உறுத்தியது. குழந்தையை அன்றாடம் உற்றுக் கவனிக்கும் ஓர் ஆசிரியர் அதைச் சொன்னால் அது அனுபவத்தின் சொல். கவனிக்காதவர் சொன்னால் அது கைவிடுதல். இரண்டில் எது என்று தெரியாமல் பள்ளியை மாற்றுவதும் தவறு, மாற்றாமல் இருப்பதும் தவறு.

முதலில் தண்ணீரைப் பார்ப்போம். ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு நீர் ஊற்றும் குழந்தையின் கையைச் சற்று நேரம் கவனியுங்கள். கைப்பிடியை விரல்கள் பற்றுகின்றன, மணிக்கட்டு மெல்லத் திரும்புகிறது, கண் நீர்மட்டத்தை விட்டு அகலுவதில்லை, நிறுத்த வேண்டிய இடத்தில் கை நின்றுவிடுகிறது; சிந்தினால் அவனே துணியை எடுத்துத் துடைக்கிறான். பிற்பாடு எழுதுகோலைப் பிடிக்கப்போவதும் இதே விரல்களும் இதே மணிக்கட்டும்தான். 1907-இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் ஏழைத் தொழிலாளர் குழந்தைகளுக்காகத் ‘குழந்தைகள் இல்லம்’ என்ற தம் முதல் பள்ளியைத் தொடங்கி, பின்னர் தம் பெயராலேயே அறியப்பட்ட கல்வி முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி, அங்கே ஒரு சிறுமி மர உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்தி, எடுத்து, மீண்டும் பொருத்திக்கொண்டிருந்ததைப் பதிவு செய்திருக்கிறார். சுற்றிலும் மற்ற குழந்தைகள் பாடினார்கள். அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தும் பார்த்தார்கள். அவளோ நாற்பது தடவைக்கும் மேலாக அதையே செய்துவிட்டு, பிறகுதான் களைப்பே இல்லாமல் தலை நிமிர்ந்தாள். திரும்பத் திரும்பச் செய்வதைத் தேக்கம் என்று பெரியவர்கள் நினைக்கிறோம். இந்த வயதில் பல வேளைகளில் அதுதான் கற்றல்.

ஆனால் அந்தச் சிறுமியின் முன்னால் இருந்த பொருளையும் மறந்துவிடக் கூடாது. ஓர் உருளையைத் தவறான குழியில் வைத்தால் கடைசியில் ஒன்று மிஞ்சி நிற்கும். எங்கோ பிசகிவிட்டது என்று யாரும் சொல்லாமலே குழந்தைக்குத் தெரிந்துவிடும். அப்படி யோசித்துச் செய்த பொருளை, அவளுக்கு எட்டும் உயரத்தில், அவள் அதற்குத் தயாராக இருந்த வேளையில் ஒருவர் வைத்திருந்தார். தேர்ந்தெடுப்பது குழந்தை என்றாலும், எவற்றிலிருந்து தேர்ந்தெடுப்பது என்பதை முடிவு செய்தவர் பெரியவர். குழந்தை முன்னே செல்லும் கல்வியில் ஆசிரியரின் வேலை குறைவதில்லை. பாடம் ஒப்பிக்கும் வகுப்பைவிட அது அதிகம். ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது, உங்கள் மகன் ஏன் இன்னும் தண்ணீர் ஊற்றுகிறான் என்பதை அல்ல. அவனுக்கு முன்னால் இருப்பது சில வாரங்களாக அதே குவளைதானா, அல்லது குறுகிய வாய் கொண்ட குடுவை, புனல், அளவுக்கோடு போட்ட கண்ணாடி என்று யாராவது அதை நகர்த்திக்கொண்டிருக்கிறார்களா என்பதை.

மாற்றுக் கல்வி என்ற பெயரில் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகிய பள்ளிகள் இருக்கின்றன. இத்தாலியின் ரெஜ்ஜியோ எமிலியா நகரில் கல்வியாளர் லோரிஸ் மாலகுட்சியின் வழியில் வளர்ந்த மழலையர் பள்ளிகளில், குழந்தைகளின் பேச்சையும் வரைபடங்களையும் ஆசிரியர்கள் அன்றாடம் பதிவு செய்து, அடுத்து என்ன என்பதை அதிலிருந்து முடிவு செய்கிறார்கள். அமெரிக்காவில் 1968-இல் தொடங்கப்பட்ட சட்பரி வேலி பள்ளியில் கட்டாயப் பாடம் என்பதே கிடையாது; பள்ளியின் விதிகளில்கூடச் சிறுவர்களுக்கு வாக்கு உண்டு. இவற்றை ஒரே முறையாக எண்ணி ஏற்கவோ மறுக்கவோ முடியாது. மாண்டிசோரி என்ற பெயரைப் பலகையில் எழுதிக்கொள்ளவும் பெரும்பாலான நாடுகளில் தடை இல்லை. அதனால் பெயரை விடுத்து வகுப்பறையைப் பாருங்கள்.

ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், குலுக்கல் மூலம் ஒரு மாண்டிசோரி பள்ளியில் இடம் கிடைத்த குழந்தைகளையும் இடம் கிடைக்காமல் வேறு பள்ளிகளுக்குச் சென்றவர்களையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2006-இல் வெளியானது. ஐந்து வயதில் எழுத்தறிவிலும் கணக்கிலும் மாண்டிசோரி குழந்தைகளே முன்னே இருந்தார்கள். ஒரே ஒரு பள்ளியைப் பற்றிய ஆய்வு என்பதால் அதை அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் இந்த முறையில் படிப்பு பின்தங்கியே தீரும் என்ற அச்சத்துக்கு அது நல்ல மறுமொழி. இன்னொரு பக்கம், 164 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2011-ஆம் ஆண்டுப் பகுப்பாய்வு ஒன்று, யாருடைய உதவியுமின்றித் தானாகக் கண்டுபிடிக்க விடப்பட்டவர்கள் நேரடியாகக் கற்பிக்கப்பட்டவர்களைவிடக் குறைவாகவே கற்றார்கள் என்றும், தக்க துணையோடு கண்டுபிடித்தவர்கள் மற்ற முறைகளில் கற்றவர்களைவிட நன்றாகக் கற்றார்கள் என்றும் காட்டியது. உங்கள் ஆசிரியையின் பதிலை நான் அப்படியே ஏற்கத் தயங்குவதற்குக் காரணம் இதுதான்.

குறிப்பாக, வாசிப்பு. பேச்சு குழந்தைக்குத் தானாக வருகிறது. எழுத்து அப்படி வருவதில்லை. இந்த வடிவத்துக்கு இந்த ஒலி என்பதை யாராவது சொல்லித்தான் தர வேண்டும். மாண்டிசோரி வகுப்பில் உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளைக் குழந்தை விரலால் தடவுகிறது, ஆசிரியை அதன் ஒலியைச் சொல்கிறார், குழந்தை திருப்பிச் சொல்கிறது. அதில் எதுவும் தற்செயலுக்கு விடப்படவில்லை. பென்சிலைப் பிடிக்க மறுக்கும் குழந்தையும் இந்த எழுத்தைத் தடவ மறுப்பது அரிது. உங்கள் மகனின் வகுப்பில் இப்படி ஏதாவது நடக்கிறதா என்று கேளுங்கள். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவைச் சொல்லித்தரும் ஏற்பாடே இல்லை என்றால், அந்தப் பள்ளி எவ்வளவு அன்பானதாக இருந்தாலும் முதல் வகுப்புக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

நாத்தனார் மகளைப் பற்றி ஒரு சொல். நூறு வரை எழுதுவது நல்ல விஷயம்தான். அதைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் 37 என்று எழுதத் தெரிந்த குழந்தைக்கு, அதில் மூன்று பத்துகளும் ஏழு ஒன்றுகளும் இருக்கின்றன என்பது தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. பத்து மணிகள் கோத்த கம்பிகள் மூன்றையும் தனி மணிகள் ஏழையும் எடுத்து வந்து வைக்கும் குழந்தை, ஓர் இலக்கம்கூட எழுதாமலே அதைப் புரிந்துகொண்டிருக்கலாம். இரண்டு குழந்தைகளையும் ஒரே நோட்டுப் புத்தகத்தால் அளக்காதீர்கள். அதுவும் அவன் காதில் விழும்படி ஒருபோதும் வேண்டாம்.

வீட்டில், “எழுதினால் பரிசு” என்று பேரம் பேசாதிருப்பது நல்லது. படம் வரைவதை விரும்பிய மழலையர்க்கு, வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லிக் கொடுத்துப் பார்த்தது 1973-இல் வெளியான ஒரு சோதனை. சில நாள்களுக்குப் பிறகு அவர்கள் தாமாக வரைந்த நேரம், பரிசே எதிர்பார்க்காத குழந்தைகளுடையதில் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. பிடித்ததையே பரிசு அப்படிச் செய்யுமானால், பிடிக்காத ஒன்றில் அது ஆர்வத்தை வளர்க்கும் என்று நான் நம்பவில்லை. அவனுக்குக் கதை படித்துக் காட்டுங்கள். அவன் சொல்வதை அவன் கண் முன்னால் நீங்கள் எழுதுங்கள். பொத்தான் போடுவது, கத்தரிக்கோல் பிடிப்பது போன்ற விரல் வேலைகள் எல்லாவற்றிலுமே அவன் திணறுகிறான் என்றால், அது பள்ளியைப் பற்றிய கேள்வி அல்ல. குழந்தைநல மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இனி, முடிவு. அனுமதி பெற்று, ஒரு முழுக் காலைப் பொழுது வகுப்பின் மூலையில் பேசாமல் அமர்ந்து பாருங்கள். குழந்தைகள் ஒரு வேலையில் நெடுநேரம் ஊன்றுகிறார்களா, அல்லது ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி அலைகிறார்களா? அலையும் குழந்தையை ஆசிரியை பார்க்கிறாரா, பார்த்து என்ன செய்கிறார்? பிறகு அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “கடந்த ஒரு மாதத்தில் என் மகன் எதில் முன்னேறினான், அடுத்து அவனுக்கு எதைக் காட்டப்போகிறீர்கள்?” கவனித்து வந்த ஆசிரியர் தம் குறிப்பேட்டைத் திறந்து, உங்களுக்கே தெரியாத ஏதாவது ஒன்றைச் சொல்வார். அப்படிச் சொன்னால் தயங்காமல் தொடருங்கள். தொடக்க வகுப்புகளின் ஆசிரியரையும் சந்தித்து, வாசிப்பையும் கணக்கையும் எந்த வரிசையில் கற்பிக்கிறார்கள், பின்தங்கும் குழந்தைக்கு என்ன செய்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மறுபடியும் “அவனாகவே வருவான்” என்பது மட்டுமே பதிலாக வந்தால், இந்த ஆண்டு முடிந்ததும் மாற்றிவிடுங்கள். ஆனால் வழக்கமான பள்ளிகளிலும் இதே கேள்வியைக் கேட்டு, நல்ல பதில் தரும் பள்ளியைத் தேர்ந்தெடுங்கள்.

வகுப்பைப் பார்க்கப் போகும்போது மாமியாரையோ கணவரையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். நேரில் பார்த்துவிட்டு வந்தவரோடு பேசுவது எளிது. உங்கள் விளக்கத்தை மட்டும் கேட்டவரோடு வாதாடிக்கொண்டே இருக்க நேரும்.