தாய் நாயைப் பார்க்காமல் முன்பணம் தராதீர்கள்

கேள்வி: கோத்தகிரி பக்கம் குடியிருக்கிறோம். பிள்ளைகள் ஆசைப்படுவதால் ஒரு லாப்ரடார் குட்டி வாங்க இருக்கிறோம். இன்ஸ்டாகிராமில் ஒருவர் 40 நாள் குட்டியின் வீடியோ அனுப்பினார். பேப்பரோடு 25,000 ரூபாய், பேப்பர் இல்லாமல் 12,000 என்கிறார். 5,000 ரூபாய் ஜிபே செய்தால் மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கே கொண்டுவந்து தருவாராம். நம்பி வாங்கலாமா?

பதில்: பணம் அனுப்பாதீர்கள். அவ்வளவு தூரம் நீங்கள் ஏன் அலைய வேண்டும் என்று அவர் அக்கறையாகத்தான் பேசியிருப்பார். ஆனால் பஸ் ஸ்டாண்டில் கைமாறும் குட்டி எங்கே பிறந்தது, எப்படி வளர்ந்தது என்று உங்களுக்குக் கடைசி வரை தெரியாது. சில சமயம் குட்டியே இருக்காது. வேறு யாருடைய வீடியோவையோ காட்டி முன்பணம் வாங்குவார்கள், பிறகு வண்டி வாடகை என்று இன்னும் கொஞ்சம் கேட்பார்கள், அப்புறம் போன் எடுக்க மாட்டார்கள். அப்படிப் பணம் போனால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

அவரிடம் ஒன்றே ஒன்று சொல்லிப் பாருங்கள்: "நாங்களே வீட்டுக்கு வருகிறோம், தாய் நாயையும் மற்ற குட்டிகளையும் பார்க்க வேண்டும்." பொறுப்பாக வளர்ப்பவர் இதைக் கேட்டு சந்தோஷப்படுவார். தாய் ஊரில் இல்லை, அது நண்பர் வீட்டு நாய் என்று இழுத்தால் அவருடைய போன் எண்ணை மறந்துவிடுங்கள். அப்பா நாய் வேறு ஊரில் இருப்பது சகஜம். பால் குடிக்கும் குட்டியின் அம்மா வேறு ஊரில் இருக்க முடியாது.

போனால் முதலில் குட்டியைத் தூக்காதீர்கள். தூக்கினால் பிள்ளைகள் இறக்கி வைக்க விட மாட்டார்கள். தாயைப் பாருங்கள். புது ஆளைக் கண்டதும் வாலாட்டி வருகிறதா, மூலையில் ஒடுங்குகிறதா? பால் கொடுக்கும் நாய் சற்று இளைத்திருக்கும், ரோமம் உதிர்ந்திருக்கும், அது இயல்பு. எலும்பு துருத்தி, தோல் புண்ணாகி இருந்தால் வேறு கதை. தாயைப் போல பிள்ளை என்பார்களே, குணத்திலும் அது பெரும்பாலும் உண்மை. பயந்து நடுங்கும் தாயிடம் வளர்ந்த குட்டி பயத்தையும் சேர்த்தே கற்கும். அந்தப் பெட்டைக்கு என்ன வயது, இது எத்தனையாவது ஈத்து, போன ஈத்து எப்போது என்று கேளுங்கள். ஒவ்வொரு முறை சூட்டுக்கு வரும்போதும் ஜோடி சேர்ப்பவர் நாய் வளர்க்கவில்லை, அதை வைத்துப் பணம் பண்ணுகிறார். ஒரே இடத்தில் ஆறேழு இனக் குட்டிகள் கூண்டில் இருந்தாலும் அதே சந்தேகம் வர வேண்டும்.

சட்டமும் உங்கள் பக்கம்தான். 2017-ல் வந்த நாய் இனப்பெருக்கம், விற்பனை விதிகளின்படி வளர்ப்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 18 மாதம் ஆகாத பெட்டையைக் குட்டி போட விடக்கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. உங்களுக்குக் காட்டிய குட்டிக்கு 40 நாள்தானே? எட்டு வாரம் என்றால் 56 நாள். அந்தக் கடைசி வாரங்களில்தான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி உடன்பிறந்தவற்றோடு விளையாடிக் கற்கிறது. பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அது ரொம்ப முக்கியம்.

பேப்பர் விஷயம். கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்றிதழைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இந்தக் குட்டி இன்ன தாய்க்கும் தந்தைக்கும் பிறந்தது என்ற வம்சாவளிப் பதிவு அது. ஆரோக்கியத்துக்கு உத்தரவாதம் அல்ல. பேப்பர் வேண்டாம் என்றால் பாதி விலை என்பவரிடம் பெரும்பாலும் பேப்பரே இருக்காது, கூடுதல் பணம் கொடுத்தாலும் வேறு நாயின் பேப்பர் வரலாம். குட்டியின் தோலுக்கடியில் மைக்ரோசிப் இருந்தால், கால்நடை மருத்துவரிடம் ஸ்கேனரில் காட்டி, அதில் வரும் 15 இலக்க எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். மீதிப் பணத்தை அதன் பிறகு கொடுங்கள், ரசீதும் வாங்குங்கள்.

லாப்ரடாருக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரும். தாய், தந்தைக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறதா என்று கேளுங்கள். பலர் விழிப்பார்கள். கேட்காமலேயே படத்தை எடுத்து நீட்டும் ஒருவர் கிடைத்தால், அவருடைய அடுத்த ஈத்து வரை ஆறு மாதம் ஆனாலும் காத்திருங்கள். அப்படிப்பட்டவர் உங்களையும் நிறையக் கேள்வி கேட்பார், கோபித்துக்கொள்ளாதீர்கள். இப்படிப்பட்டவர்களைச் சந்திக்க ஊட்டியில் கோடையில் நடக்கும் நாய்க் கண்காட்சி நல்ல இடம். குன்னூர், ஊட்டி கால்நடை மருத்துவர்களிடமும் விசாரியுங்கள். யாருடைய குட்டிகள் அடிக்கடி நோயோடு வருகின்றன என்று அவர்களுக்குத் தெரியும்.

சமவெளியில் வாங்கினால், காட் ரோடு ஏறுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே தீனியை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் வளைவுகளில் வாந்திதான். இரவில் வாசலில் கட்டிப் போடும் எண்ணம் இருந்தால் வாங்கவே வேண்டாம். நம் மலையில் சிறுத்தை தேயிலைத் தோட்டம் வழியாக வீட்டு முற்றம் வரை வந்து நாயைத் தூக்கிப் போவது உங்களுக்குத் தெரியாததல்ல.

கேள்வி: ஊட்டி குளிருக்கு சைபீரியன் ஹஸ்கி ஒத்துவருமா?

பதில்: ஊட்டி ஒத்துவரலாம், குட்டி பெரும்பாலும் ஊட்டியில் பிறந்திருக்காது. அதன் தாய் சமவெளியில் எங்கோ வெயிலில் மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த ஈத்துக்குத் தயாராகிக்கொண்டிருக்கும். நம் தட்பவெப்பத்துக்கு ஏற்றவை அல்ல என்று தமிழ்நாடு அரசு 2024-ல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில் குறிப்பிட்ட இனங்களில் ஹஸ்கியும் உண்டு. மேலும் அது சறுக்குவண்டி இழுக்கப் பழக்கிய இனம். தினமும் மணிக்கணக்கில் ஓட விடாவிட்டால் வேலியைத் தாண்டும், ஊளையிடும். என் கருத்து, வேண்டாம்.

கேள்வி: கூடலூரில் இருக்கிறேன். விலை கொடுத்து வாங்கிய குட்டி மறுநாளே வாந்தி எடுத்தது, ரத்தமாகக் கழிந்தது. ஐந்தாம் நாள் இறந்துவிட்டது. பார்வோ என்ற வைரஸ் நோய் என்றார் மருத்துவர். விற்றவர் கைவிரிக்கிறார்.

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது. பார்வோ கிருமி உடலில் புகுந்து அறிகுறி காட்டப் பொதுவாக 3 முதல் 7 நாள் ஆகும். மறுநாளே வாந்தி என்றால் விற்றவரிடமே தொற்றியிருக்க வேண்டும். இதை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். பணம் அனுப்பிய ஆதாரம், வாட்ஸ்அப் உரையாடல், மருத்துவச் செலவு பில் எதையும் அழிக்காதீர்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு விற்றவருக்கு ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அதிலும் தீராவிட்டால் ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் வெளி மாவட்டத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. குட்டிக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

உடனே இன்னொரு குட்டி வாங்காதீர்கள். இந்தக் கிருமி மண்ணில் பல மாதம் உயிரோடு இருக்கும். குட்டி படுத்த துணிகளை எரித்துவிட்டு, தரையை ப்ளீச் கலந்த தண்ணீரில் கழுவுங்கள். அடுத்து எடுப்பது, 16 வாரம் வரை போட வேண்டிய தடுப்பூசிகள் எல்லாம் முடிந்த, சற்று வளர்ந்த நாயாக இருக்கட்டும்.