தோற்ற அணியின் ரசிகர்கள் சொல்லும் சாக்குகளைக் கிண்டல் செய்வதில் என்ன தவறு?

நீங்கள் யாரையோ ஓட்டு ஓட்டென்று ஓட்டி, அவர் பேசாமல் போய்விட்டார் என்று நினைக்கிறேன்.

சாக்கு என்றால் தாராளமாக ஓட்டுங்கள். 1996-இல் இங்கிலாந்துக் கால்பந்து லீக்கில் சவுத்தாம்ப்டனிடம் முதல் பாதியிலேயே மூன்று கோல் வாங்கிய மான்செஸ்டர் யுனைடெட், சாம்பல் நிறச் சட்டையில் சக வீரர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை என்று இடைவேளையில் சட்டையையே மாற்றியது. அப்படியும் 3-1 தோல்வி. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல், அவ்வளவுதான்.

ஆனால் நான் லிவர்பூல் ரசிகன். 2023 செப்டம்பர் 30, டாட்டன்ஹாமுடன் ஆட்டம். நாங்கள் பத்துப் பேரோடு ஆடிக்கொண்டிருந்தபோது எங்கள் டியாஸ் கோல் போட்டார், ஆஃப்சைடு (பந்து வரும்போது எதிரணித் தடுப்பாளர்களைத் தாண்டி நிற்பது) என்று துணை நடுவர் கொடியைத் தூக்கிவிட்டார். ஆஃப்சைடு இல்லை என்று வீடியோ நடுவர் சரியாகத்தான் பார்த்தார். ஆனால் மைதானத்தில் கோல் கொடுத்தாயிற்று என்று தப்பாக நினைத்து, ‘சரிபார்த்தாயிற்று’ என்று முடித்துவிட்டார். தப்பு புரிவதற்குள் ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டது, கோல் போனது போனதுதான். கூடுதல் நேரத்தில் எங்கள் வீரர் மாட்டிப்பின் காலில் பட்டுச் சொந்த வலைக்குள்ளேயே பந்து போய் 2-1 தோல்வி.

‘ரெண்டு சிவப்பு அட்டை வாங்கியது யார்?’ என்று உடனே வருவீர்கள். அதை நான் மறுக்கவில்லை. அந்த ஒரு கோலைப் பற்றி மட்டும்தான் பேசுகிறேன்.

அன்று நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் இதை எழுதினேன். டாட்டன்ஹாம் ரசிகனான என் நண்பன், ‘கூடம் கோணலா மச்சான்?’ என்று போட்டான். வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். பதிலை அடித்து அடித்து அழித்தேன். தப்பு எங்களுடையதுதான் என்று நடுவர் அமைப்பே அன்றிரவு அறிக்கை விட்டது. அதைப் பகிர்ந்தபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை.  

எனக்கு உறைத்தது வேறு. 2006-இல் லீக்கின் கடைசி நாள் ஆட்டத்துக்கு முந்தைய இரவு டாட்டன்ஹாம் வீரர்கள் பலர் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகச் சுருண்டுவிட்டார்கள். வெஸ்ட் ஹாமிடம் 2-1 தோல்வி, நான்காம் இடம் ஆர்சனலுக்குப் போனது. ஹோட்டலில் சாப்பிட்ட லசான்யா என்ற இத்தாலிய உணவுதான் காரணம் என்று பேச்சு. சோதனையில் சாப்பாட்டில் கோளாறில்லை, நோரோ வைரஸ் என்று தெரிந்தது. அவர்களுக்கு உடம்பு நிஜமாகவே முடியவில்லை. அதெல்லாம் தெரிந்தும் லசான்யா, லசான்யா என்று அவனை நான் விடாமல் ஓட்டியிருக்கிறேன்.

மறுநாள் அவனைக் கூப்பிட்டு இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை. அப்புறம், ‘பதினேழு வருஷம்டா’ என்றான். ‘சரி விடு. நேத்து அது கோல்தான்.’