எந்த அசை ஏறும்? ஆங்கில உச்சரிப்புக் கேள்வி-பதில்

இலக்கணம் சரியாகத்தான் பேசுகிறேன். ஆனாலும் போனில் வெளிநாட்டவர்கள் ‘மறுபடி சொல்லுங்கள்’ என்கிறார்கள். ஏன்?

நான் முதலில் கவனிப்பது அழுத்தத்தைத்தான். தமிழில் கல் வேறு, கால் வேறு. குறில் நெடிலானால் பொருளே மாறிவிடும். ஆனால் எந்த அசையை ஓங்கிச் சொன்னாலும் பொருள் மாறாது. அந்தப் பழக்கத்தில் ஆங்கிலச் சொல்லையும் ஒரே கனத்தில் சொல்கிறோம், இல்லாவிட்டால் முதல் அசையைத் தூக்கிவிடுகிறோம். நமக்கு அது ‘ஹோட்டல்’. அவர்களுக்கு ‘ஹோ-டெல்’, ஏற்றம் ‘டெல்’லில். ‘டெவலப்’ என்கிறோம், அவர்கள் காது எதிர்பார்ப்பது ‘டி-வெ-லப்’, நடு அசையில் ஏற்றம்.

அழுத்தம் என்றால் சத்தமாகச் சொல்வதா?

சத்தம் மட்டும் போதாது. அந்த அசை கொஞ்சம் நீள வேண்டும், குரலும் மேலே போக வேண்டும். அதைவிட முக்கியம், மற்ற அசைகள் சுருங்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். ‘பனானா’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்தில் மூன்று உயிரும் ஒன்றுதான். ஆனால் நடுவிலுள்ள ‘னா’ மட்டும்தான் முழுசாக ஒலிக்கும். முன்னும் பின்னும் வாயைச் சரியாகத் திறக்காமலே ஒரு மங்கலான ‘அ’. ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் உயிரொலி அதுதான். நமக்கு இது அந்நியமும் இல்லை. ‘காசு’, ‘நாடு’ என்று சொல்லிப் பாருங்கள். கடைசி உகரத்தில் உதடு குவியாது, அரை மாத்திரையோடு நின்றுவிடும். குற்றியலுகரம் தெரிந்த நாவுக்கு இந்தச் சுருக்கம் கைவரும்.

விதி ஏதாவது உண்டா, எல்லாமே மனப்பாடமா?

ஓரளவு உண்டு. ‘-ஷன்’, ‘-இக்’, ‘-இட்டி’ என்று முடிந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தைய அசை ஏறும்: எஜுகேஷனில் ‘கே’, எகனாமிக்கில் ‘னா’, அபிலிட்டியில் ‘பி’. அதனால்தான் ஒரே குடும்பத்துச் சொற்களிலும் ஏற்றம் இடம் மாறுகிறது. ‘ஃபோட்டோகிராஃப்’பில் முதல் அசை, ‘ஃபடாக்ரஃபி’யில் இரண்டாவது, ‘ஃபோட்டோகிராஃபிக்’கில் மூன்றாவது. விலக்கும் உண்டு; ‘பாலிடிக்ஸ்’ முதல் அசையில்தான் ஏறும்.

அப்புறம், சில சொற்கள் பெயரானால் முன்னால், வினையானால் பின்னால் ஏறும். பதிவு என்றால் ‘ரெ’க்கார்ட், பதிவு செய் என்றால் ரி‘கார்ட்’. எல்லாவற்றுக்கும் இதை நீட்டாதீர்கள். ‘ரிப்போர்ட்’ இரண்டிலும் பின்னால்தான்.

ஃபிஃப்டீன் சொன்னால் ஃபிஃப்டி என்று எழுதிக்கொள்கிறார்கள்!

ஐம்பதில் முதல் அசை ஏறும், பதினைந்தில் ‘டீன்’. ஆனால் ‘ஃபிஃப்டீன் மினிட்ஸ்’ போலப் பின்னால் பெயர் வந்தால் ஏற்றம் முன்னால் நகர்ந்துவிடும். அப்போது கடைசி ‘ன்’தான் துணை, அதை விழுங்காதீர்கள். பண விஷயமென்றால் ‘ஒன் ஃபைவ்’ என்று இலக்கமாகவும் சொல்லிவிடுங்கள்.

அகராதியில் மேலே வரும் சின்னக் கோடு எதற்கு?

அதற்கு அடுத்துள்ள அசைதான் ஏறும் என்பதற்கு. சில அகராதிகளில் மட்டும் அழுத்தக் குறி அசைக்குப் பின்னால் வரும், முன்பக்க விளக்கத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டிஷ், அமெரிக்கன் இரண்டும் வேறுபடுமா?

சில சொற்களில். விளம்பரத்துக்கான ‘அட்வர்டிஸ்மென்ட்’டில் பிரிட்டனில் ‘வர்’ ஏறும். அமெரிக்கர்கள் ‘அட்வர்டைஸ்மென்ட்’ என்று ‘டைஸ்’ஸில் ஏற்றுவார்கள். யாரோடு அதிகம் பேசுகிறீர்களோ, அவர்கள் வழியில் போங்கள்.