டோர்டோனில் கார் இல்லாமல் ஒரு வாரம்

வணக்கம். ஆகஸ்டில் அம்மா அப்பாவோடு பிரான்ஸின் டோர்டோன் பக்கம் கிராமத்து வீடு எடுக்கப் போகிறீர்கள், கார் கிடையாது, எல்லோரும் சைவம், சமாளிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

கார் இல்லையென்றால் தனி வீட்டு யோசனையை விட்டுவிடுங்கள். ரொட்டி வாங்கக்கூட வழியில்லாமல் பெரியவர்கள் தவித்துப்போவார்கள். அந்தப் பகுதியிலுள்ள சார்லா என்ற சிறு நகரத்துக்குள்ளேயே, சமையலறையோடு வீடு பாருங்கள். போர்தோ நகரிலிருந்து அங்கே ரயில் உண்டு. வீடுகள் பெரும்பாலும் சனி முதல் சனி வரைதான் கிடைக்கும். படுக்கை விரிப்பு, துண்டு தருவார்களா என்று முன்பே கேளுங்கள்.

சாப்பாட்டில்தான் கவனம் வேண்டும். உருளைக்கிழங்கு வறுவல்தானே என்று நம்பி வாங்காதீர்கள். பூண்டு மணக்க, பார்ஸ்லி தூவி, பார்க்கச் சைவமாகவே இருக்கும்; வறுப்பது வாத்துக் கொழுப்பில்! சாலட்டிலும் வாத்து இரைப்பை கிடக்கும், கேட்டுவிட்டே சொல்லுங்கள். உணவகங்களில் மதியச் சாப்பாடு 12 முதல் 2 வரைதான். ஞாயிறு மதியத்துக்கு மேல் கடைகள் மூடிவிடும், திங்களும் பல கடைகள் திறக்காது, ஆகஸ்ட் 15 பொது விடுமுறை. சார்லாவில் புதன், சனி காலை சந்தை உண்டு; தக்காளி, வால்நட், ஆட்டுப்பால் சீஸ் எல்லாம் அங்கேயே வாங்கிவிடுங்கள். அரிசி, பருப்பு கையோடு எடுத்துப் போங்கள்.

அப்புறம், ஒருநாள் டாக்சி வைத்து, ஆதிமனிதர்களின் குகை ஓவியங்களுக்குப் பேர்போன லாஸ்கோ போய் வாருங்கள். அசல் குகை 1963இல் மூடப்பட்டது. 2016இல் திறந்த முழு நகலே அத்தனை பிரமாதம். டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடுங்கள்.