தமிழ்ப் பெயரை வெட்டினால் புள்ளி ஏன் காணாமல் போகிறது?

கேள்வி: ஆப்பில் நீளமான பெயர்களை ஜாவாஸ்கிரிப்டின் ஸ்லைஸ் (குறிப்பிட்ட நீளத்தில் வெட்டும் கட்டளை) போட்டுச் சுருக்கினால் 'செல்வி' 'செல' ஆகிவிடுகிறது. எப்படிச் சரிசெய்வது?

உங்கள் கோடில் பிழை இல்லை. எண்ணும் அலகுதான் வேறு. ஜாவாஸ்கிரிப்ட் நாம் வாசிக்கும் எழுத்தை எண்ணாது. அதன் கணக்கில் 'செல்வி' ஆறு: ச, எகரக் கொம்பு, ல, புள்ளி, வ, இகரக் கொக்கி. மூன்றில் வெட்டினால் புள்ளி விழுந்துவிடும்.

இதற்கு பிரவுசரிலேயே இன்டல் செக்மென்டர் (Intl.Segmenter) என்ற பிரிக்கும் கருவி இருக்கிறது. மொழி தமிழ் ('ta'), அலகு கிராஃபீம் ('grapheme', அதாவது நாம் ஒரே எழுத்தாக வாசிப்பது) என்று கொடுத்தால் செ, ல், வி என மூன்றாகப் பிரித்துத் தரும். வெட்டுவதை அதன் பிறகு செய்யுங்கள். ஆப் உருவாக்க ஃபிளட்டரைப் பயன்படுத்தினால், அதில் கேரக்டர்ஸ் பேக்கேஜ் இதே வேலையைச் செய்யும். ஐஃபோன் ஆப்கள் எழுதும் ஸ்விஃப்ட் மொழி இயல்பாகவே இப்படித்தான் எண்ணுகிறது. ஆனால் 'ஸ்ரீ' ஒரே வடிவமாகத் தெரிந்தாலும் ஸ், ரீ என்று இரண்டாகவே பிரியும். அங்கே வெட்டு விழாமல் கவனியுங்கள். திரையில் இடம் போதாதது மட்டுமே பிரச்சினை என்றால், வெட்டவே வேண்டாம். சிஎஸ்எஸ்ஸில் ஓவர்ஃப்ளோ ஹிடன், ஒயிட் ஸ்பேஸ் நோராப் இரண்டோடு டெக்ஸ்ட் ஓவர்ஃப்ளோ எலிப்சிஸ் கொடுத்தால் போதும், மிஞ்சியது மூன்று புள்ளியாகத் தெரியும்.

கையோடு இன்னொன்றும் செய்துவிடுங்கள். எங்கள் ஆப்பில் 'கோமதி' என்று தேடினால் சிலருக்கு மட்டும் வரவில்லை. ஒரு நாள் முழுக்கத் தேடினேன். ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஏகாரக் கொம்பும் காலும் என இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றேதான், ஒப்பிட்டால் வேறு. டேட்டாபேஸில் எழுதும்போதும் தேடும்போதும் நார்மலைஸ் செய்து, என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படிப் பிரிந்த குறிகளை ஒரே குறியீடாகச் சேர்க்கும் யூனிகோட் வடிவம்) மாற்றுங்கள்.